புது மாடல் காரின் கம்பி

மச்சான்,

இன்று காலை படூரிலிருந்து ஒருவர் காரோடு என் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, மரியாதையான பேச்சு. டிக்கியைத் திறந்து கோணியை விலக்கிக் காட்டினார். உள்ளே வளைந்த இரும்புக் கம்பி ஒன்று. அவருடையது பழைய மாடல் கார். கம்பி அதே காரின் புது மாடலிலிருந்து கழற்றியது. "பின்னாடி இதப் போட்டா வளைவுல வண்டி சாயாதாமே, மாட்டித் தர்றீங்களா?" என்று கேட்டார். கம்பியில் மாட்டியிருந்த புது ரப்பர் புஷ்ஷின் வாசனை மூக்கில் ஏறியதும் கோணியை இழுத்து மூடினேன். முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அவர் விசிட்டிங் கார்டை மேஜையில் வைத்துவிட்டு முகம் சுண்டிப்போய்க் கிளம்பினார். அவரிடம் காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். உன்னிடமே இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் வலையையும் படகையும் அண்ணன்களிடம் விட்டுவிட்டு, டாக்சி ஓட்டப்போகிறேன் என்று ஒரு பழைய காரோடு வந்து நின்றாய். உங்கள் குப்பத்துக்கு அதுதான் முதல் கார். தினமும் காலையில் உன் மனைவியைச் செங்கல்பட்டுத் துணிக்கடையில் வேலைக்கு இறக்கிவிட்டு, ஸ்டேஷன் வாசலில் மாமல்லபுரம் சவாரிக்குக் காத்திருப்பாய். ஆனால் திருக்கழுக்குன்றம் வருவதற்குள் அவளுக்குத் தலை சுற்றிவிடும். பின்சீட்டில் கண்ணை மூடிப் படுத்தபடி, கையில் பிளாஸ்டிக் கவரோடுதான் போய்ச் சேருவாள்.

"போட்ல இட்டுகினு போனப்பகூட வாந்தி எடுக்கல மச்சான். என் கார்ல எடுக்குது. வெளிய சொன்னா வெக்கக்கேடு" என்றாய்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வளைவில் கார் சாய்வதுதான் காரணம் என்று பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன். பின்பக்கத்து இரண்டு சக்கரங்களையும் சேர்த்துக் கட்டும் ஸ்டெபிலைசர் பார் இருந்தால் அவ்வளவு சாயாது. உன் மாடலில் அது கிடையாது. அடுத்து வந்த மாடலில் இருந்தது. இரண்டு பேரும் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய், பழைய இரும்புக் குவியலில் அரை நாள் தேடி ஒன்றை எடுத்து வந்தோம்.

அது உன் காருக்கு இரண்டு விரற்கடை நீளம் அதிகம். துளைகளும் பொருந்தவில்லை. நான் விடுவேனா? இரும்புப் பட்டை வெட்டி, துளை போட்டு, வெல்டிங் வைத்து உட்கார வைத்தேன். நீ குனிந்து, படகில் முடிச்சை இழுத்துப் பார்ப்பதுபோல ஒவ்வொரு போல்ட்டையும் அசைத்துப் பார்த்தாய். ஒன்றும் அசையவில்லை. அந்த வெல்டிங் கடைசிவரை விடவில்லை, மச்சான். என் கைவேலைக்கு அப்படியொரு பாழாய்ப்போன பெருமை.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. கனமான காருக்காகச் செய்த கம்பி அது. உன் காரின் முன்பக்கக் கம்பி சுண்டுவிரல் கனம். நான் பின்னால் மாட்டியது கட்டைவிரல் கனம். கண்ணால் பார்த்தேன். கனமாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் விறைப்பாகிவிட்டால், ஈரத் தரையில் பின்சக்கரங்கள்தான் முதலில் பிடி விடும் என்று எனக்கு உறைக்கவில்லை. ஆவணி வெயிலில் ஈசிஆர் கடற்கரைச் சாலை வளைவுகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "தாம்பாளத்துல வெச்ச மாதிரி போவுது" என்று என் தோளில் அடித்தாய். மழையில் ஓட்டிப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை.

ஐப்பசித் தூறலில் ஒருநாள் வந்தாய். "பின்னால லேசா தள்ளுது மச்சான். முன்னல்லாம் சாஞ்சிகினு வரும், இதுக்கு மேல போவாதேன்னு ஒடம்புக்கே தெரியும். இப்ப ஒண்ணுமே சொல்லாம சட்டுனு வழுக்குது."

கடலில் வளர்ந்தவனுக்கு அது புரிந்திருந்தது. எனக்குத் தலைக்கனம். "டயர் மொட்டையா கீது, அத மாத்து. கம்பிய கொற சொல்லாத" என்றேன். நீ மறுபேச்சுப் பேசாமல் நாலு டயரையும் மாற்றினாய்.

பத்து நாள் கழித்து, காலை மழையில், அவளை இறக்கிவிட்டுச் சவாரி கிடைக்காமல் காலி வண்டியோடு திரும்பினாய். திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் வரும் வளைவில் காரின் பின்பக்கம் சுழன்று மரத்தில் மோதியது. சாவு வீட்டில் மழை என்றார்கள், வேகம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். காருக்கு அடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. கார் பழைய இரும்புக்குப் போகும் முன் கம்பியை மட்டும் கழற்றி வந்து ஷெட் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். இத்தனை வருஷமாக அது அங்கேதான் நின்றது.

படூர்க்காரர் போனபிறகு அதைக் கோணியில் சுற்றிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கம்பியை அவள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ தள்ளுது என்று சொன்னதை, நான் சொன்ன பதிலை, எதையும் மறைக்கவில்லை. காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"தெரியும்ணா. டயர் மாத்தியும் தள்ளுதுன்னாரு. நாளைக்கு மச்சானாண்ட போய் கழட்டிடறேன்னாரு. நான்தான் வேணாம்னேன்."

நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"கம்பி போட்டப்புறம்தான்ணா அவரு பக்கத்துல முன்சீட்ல குந்திகினு போனேன். ரெண்டு மாசம். வழியெல்லாம் பேசிகினே போவோம். மறுபடியும் கவரப் புட்ச்சிகினு பின்னால படுக்க மாட்டேன்னு சண்ட போட்டேன். சரி வுடு, மெதுவா போறேன்னாரு."

கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். உன்னைக் கொன்றவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன், மச்சான். உங்கள் குப்பத்திலேயே இன்னொருத்தி அதையே நினைத்துக்கொண்டு தினமும் சோறு பொங்கியிருக்கிறாள். நான் அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் அவளுக்குப் பாரம் பாதியாவது குறைந்திருக்கும். அதையும் நான்தான் கெடுத்தேன்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் கார்டைத் தேடி எடுத்துப் படூர்க்காரருக்குப் போன் போட்டேன். என் கூட்டாளி ஒருத்தனுக்கு இப்படித்தான் மாட்டிக் கொடுத்தேன், செத்துப்போனான், போடாதீங்க என்று சொன்னேன். அவர் எப்படி நடந்தது என்று கேட்டுக்கொண்டார். பிறகு, கம்பியை மாட்டப்போவதில்லை என்றார்.

கம்பி இப்போது என்னிடம் இல்லை. கிளம்பும்போது எடுக்கக் குனிந்தேன். "அது இங்கயே இருக்கட்டும்ணா" என்று உன் மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.