மேலூர்த் தண்ணீர்

செப்டம்பர் 9
இன்றும் கால்வாயில் பாதம் நனையவில்லை. முளைத்த சோளம் சுருள்கிறது. இந்த ஆண்டு தண்ணீர் பங்கிடும் கோல் என் கையில். கொடுத்தபோது கைதட்டினார்கள். இன்று சந்தையில் எல்லார் முன்னாலும் இலாரியோ கேட்கிறான்: "பசிலியாக்கா, கோலை வச்சு லாமா மேய்க்கவா? மேலூர்க்காரன் மடைய அடைச்சிட்டான். அங்க மடை பார்க்கிறது உங்க மருமவன்தானே?"

என் மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் என்பதற்காக நான் வாயை மூடிக்கொண்டிருப்பேனா?

செப்டம்பர் 11
மேலூருக்கு ஏறினேன். மகள் வீட்டு வாசலிலேயே கத்திவிட்டேன். "பொறந்த ஊரக் காயப்போட்டுட்டு உனக்குச் சூப்பு தொண்டையில இறங்குதாடி?"

யோவானா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, "வந்து பாரு" என்றாள்.

மலைக்குளத்துக்கு நடந்தோம். பாதிக்குளம் வெடித்த சேறு. மேலே முன்பு பனி கிடந்த சரிவில் இப்போது வெறும் கருங்கல். இந்தத் தண்ணீர் அவர்களுடைய உருளைக்கிழங்குக்கே போதாது. ஊறுவதில் பாதியை நமக்குத்தான் விட்டிருக்கிறார்கள். மீதியை வழியெல்லாம் வறண்ட மண் குடித்துவிடுகிறது.

"யாரு திருடினான்னு இப்பச் சொல்லும்மா."

கரையில் குளத்துக்குப் படையலாகக் கோக்கா இலை வைத்துக் கும்பிட்டேன். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

செப்டம்பர் 12
ஊர்க்கூட்டத்தில் கண்டதைச் சொன்னேன். "மகளைக் காப்பாத்துறா," பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு வேறு.

இலாரியோ எழுந்தான். "நாளைக்குக் கடப்பாறையோட போறோம். அடைப்பு எங்கன்னு நாங்களே பார்த்துக்கிறோம்."

"போ! போய்க் கண்ணால பாரு!" என்றேன். அதன் பிறகுதான் உறைத்தது. அங்கே கைக்குழந்தையோடு அவள் — அய்யோ, என்ன வாய் இது எனக்கு?

செப்டம்பர் 13
காலையிலேயே ஏறிவிட்டார்கள். ஒரு வாய் இறங்கவில்லை. அடித்துக்கொண்டார்களோ?

செப்டம்பர் 14
நேற்று மாலை இறங்கி வந்தவர்கள் கடப்பாறையைப் போட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டார்களாம். இன்று காலை இலாரியோ வாசலில் நின்றான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"குளத்தப் பார்த்தோம். யோவானா எங்களுக்குச் சூப்பு ஊத்தினா, அக்கா."

"ம்."

"மழைக்கு டிசம்பர் ஆயிடும். அதுவரைக்கும் எல்லா வயலுக்கும் பாயாது. என் படிக்கட்டு வயல்ல எந்தப் படியக் காயவிடணும்? நீங்களே சொல்லுங்க."

அவனை என் வயலுக்குக் கூட்டிப்போனேன். அவரைச்செடி பூத்திருந்த மேல்படியின் மடையில் மண்ணை அள்ளிப்போட்டேன். அவன் ஒரு கல்லைத் தூக்கிவந்து வாகாக வைத்தான்.

பிறகு அவன் வயலுக்கு நடந்தோம்.