தட்டின் இடப்பாதி

மார்ச் 3

அண்ணிக்கு,

சுகமா என்று கேட்டு எழுதும் மனநிலையில் நான் இல்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நேற்று அண்ணன் போன் செய்து குழந்தை மாதிரி அழுதார். "உங்க அண்ணி அரை வயித்துக்குத்தான் போடுறாம்மா. இன்னும் கொஞ்சம் வைன்னா, தட்டுலயே இருக்குல்லன்னு எரிஞ்சு விழறா. பக்கத்துல வந்து உட்காருறதுகூட இல்ல" என்றார்.

ஊருக்கெல்லாம் முடிவெட்டி, சவரம் செய்து, உங்களை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருந்த மனுஷன். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, செத்துப் பிழைத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார். அதற்குள் பாரமாகிவிட்டாரா? நீங்கள் கல்நெஞ்சுக்காரி, அண்ணி. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிந்ததும் வந்து அவரை என்னோடு கூட்டிப்போகிறேன்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 9

வாத்தியாரம்மாவுக்கு,

பரீட்சை முடியும்வரை எதற்குக் காத்திருக்கிறாய்? நாளைக்கே வந்து கூட்டிப்போ. அவர் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். பக்கத்தில் என் பெட்டியும் இருக்கிறது. மகள் வீட்டுக்குப் போகிறேன்.

தட்டு நிறையத்தான் வைக்கிறேன். ஒரு பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மறுபாதியைத் தொடாமல் "அவ்வளவுதானா?" என்கிறார். என் சமையலைக் குத்திக்காட்டுகிறார் என்று அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன். பக்கத்தில் உட்காருவதில்லையாம்! கல்யாணமான நாளிலிருந்து கட்டிலில் அவருக்கு இடப்பக்கம்தான் என் இடம். அங்கேயே உட்கார்ந்துதான் பேசுகிறேன். முகத்தை வலப்பக்கத்து ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

கடையைத் திறக்காதீர்கள் என்றேன், கேட்டாரா? சட்டையில் வலக்கையை மட்டும் நுழைத்துக்கொண்டு, இடப்பக்கம் தொங்கத் தொங்கக் கிளம்பிவிட்டார். தபால்காரருக்குச் சவரம் செய்து, "முடிஞ்சுது சார், எழுந்திரிங்க" என்றாராம். ஒரு கன்னம் பளபள, மறு கன்னத்தில் நுரை. "என்னய்யா, பாதி மூஞ்சிக்குத்தான் கூலியா?" என்று அவர் கேட்க, இவர் சண்டைக்குப் போக, தெருவே கூடிச் சிரித்தது. குடித்துவிட்டுக் கத்தியைத் தொடுகிறார் என்று இப்போது பேச்சு. அந்த மனுஷன் வாழ்நாளில் குடித்ததில்லை. எனக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. உனக்கு எழுதவும் வெட்கமாக இருந்தது, அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

நீ வைத்த பேரிலேயே முடிக்கிறேன்.

கல்நெஞ்சுக்காரி

மார்ச் 14

அண்ணி,

போகாதீர்கள். போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுக்காதது நியாயம்தான்.

அவர் தொடாத பாதி எந்தப் பக்கம்? இடப்பக்கம்தானே? சட்டையும் இடது, நீங்கள் உட்காருவதும் இடது. உங்கள் கடிதத்தை வகுப்பறையில் வைத்துப் படித்தேன். என் முதுகுக்குப் பின்னால் கரும்பலகையில் நானே வரைந்த மூளைப் படம். நினைக்கப் பெருமூளை, தடுமாறாமல் நடக்கச் சிறுமூளை, மூச்சுவிட முகுளம். பெருமூளையின் வலப்பாதி உடம்பின் இடப்பாதியை ஆள்கிறது. வருஷா வருஷம் இதைத்தான் தொண்டை கிழியக் கத்துகிறேன். மாற்றி எழுதிய பிள்ளைகளைத் திட்டுகிறேன். அண்ணனுக்கு அடைப்பு வலப்பாதியில் என்று டாக்டர் சொன்னபோது, கைகால் தப்பியதே என்று சந்தோஷப்பட்டதோடு சரி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே எங்கள் ஊர் நரம்பு டாக்டரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். கண்ணில் கோளாறு இருக்காதாம். கண் பார்க்கிறது, ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதைக் கவனிக்கிற இடம் அடிபட்டிருக்கும் என்கிறார். அண்ணனுக்குப் பாதித் தட்டே முழுத் தட்டு. பக்கத்தில் இருக்கிற நீங்கள் இல்லவே இல்லை. அவர் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை அண்ணி, நீங்களும் செய்யவில்லை. நேரில் காட்டிப் பயிற்சி எடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறலாமாம். தட்டிலும் தாளிலும் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு, அதைத் தேடிப் பார்க்கச் சொல்ல வேண்டுமாம். சவரக் கத்தியை மட்டும் ஒளித்து வையுங்கள்.

அந்தச் சொல்லை எழுதிய கை கூசுகிறது. நீங்கள் அழுதுகொண்டு நின்ற அடுப்படிக்கு வந்து எந்த முகத்தோடு நிற்பேன்? மன்னியுங்கள் என்று கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

தலைகுனிந்து,
உங்கள் நாத்தனார்

மார்ச் 21

நாத்தனாருக்கு,

என் பெட்டியைப் பிரித்துவிட்டேன். அவர் பெட்டியையும்.

அவர் பாதி சாப்பிட்டு நிமிர்ந்ததும் தட்டை அப்படியே திருப்பி வைத்தேன். "இத எப்ப வச்ச?" என்றார். "அப்பவே வச்சதுதான்" என்றேன். பிறகு கன்னத்தைப் பிடித்து மெதுவாக என் பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இங்கயா இருந்த?" என்றார். "வேற எங்க போவேன்?" என்றேன். உன்னிடம் கோள் சொன்னதை நினைத்துக் கூனிக்குறுகிப் போய்விட்டார். நான் மட்டும் என்னவாம்? அந்தத் தட்டை எத்தனை தடவை வெடுக்கென்று பிடுங்கியிருக்கிறேன்.

தபால்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "அடடா, மறுபாதிக்கு எப்ப வரட்டும்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், பல நாள் கழித்து. அடுத்த வாரம் நரம்பு டாக்டரிடம் கூட்டி வருகிறேன், உன் வீட்டில்தான் தங்குவோம். அடுப்படியை ஒழித்து வை.

ஒன்று சொல்ல வேண்டும். உன் முதல் கடிதத்தை அலமாரியில் பார்த்துவிட்டு எடுத்துப் படித்தார். வலப்பாதியை மட்டும்தான். "ஒண்ணும் சரியா புரியல. என்னைக் கூட்டிப்போறேன்னு எழுதியிருக்கா, பாசக்காரி" என்றார். ஆமாம் என்றேன். நீ என்னைச் சொன்ன சொல் இடது ஓரத்தில் இருக்கிறது. இப்போது வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் சிவப்புக் கோடு இழுத்துத்தான் அவரிடம் கொடுக்கிறேன். அந்தக் கடிதத்துக்கு மட்டும் இழுக்கவில்லை.

அண்ணி