ஜாக்கியோரம் செருப்பு

25-1-84, புதன்

மேல்சித்தாமூர் நைனார் வீட்டுப் பழைய பிளஷர் கார் ஷெட்டுக்கு வந்தது. 48 மாடல், சீமை வண்டி. முன்பக்கம் இடதுபுறம் உட்கார்ந்துவிட்டது. அடுத்த மாதம் பத்தாம் தேதி பெண் கல்யாணம், ஊர்வலத்துக்கு இதுதான் வேண்டுமாம். வண்டியைப் பார்த்ததும் அமீர் ஜானுக்கு வாயெல்லாம் பல். பதினோரு வருஷக் கூட்டாளி நான், என்னைப் பார்த்து ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

27-1, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்துதான் அமீர் கை வைத்தான். சேஸிஸுக்குக் கீழே கருங்கல், அதன்மேல் கட்டை. நசுங்கி நிற்கிற ஸ்பிரிங்கை அடியிலிருந்து ஜாக்கி தாங்குகிறது. போல்ட்டைக் கழற்றிவிட்டு ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கவேண்டும். சட்டென்று விட்டால் ஸ்பிரிங் பாய்ந்து ஆளைக் கொன்றுவிடும். சங்கிலியால் கட்டிவிடலாமா என்று கேட்டேன்.

"செருப்பு இருக்குதுல்ல, அது போதும்" என்றான்.

எங்கள் ஷெட்டு வழக்கம் அது. அடியில் போகிறவன் செருப்பை ஜாக்கியோரம் கழற்றி வைப்பான். செருப்பு கிடந்தால் அந்த ஜாக்கியை எவனும் தொடக்கூடாது. லேத் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது என்று நாங்களே ஏற்படுத்தியது.

28-1

எழுத வரவில்லை.

29-1

நேற்றுக் காலை அமீர் அடியில் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். வாஷர் வாங்கக் கடைக்குப் போகவேண்டியிருந்தது. என் செருப்பு வார் அறுந்து கிடந்தது. ஜாக்கியோரம் இருந்த அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். ஐந்து நிமிஷம்தான். ஐந்தே நிமிஷம்!

அதற்குள் ஒரு வேன் வந்திருக்கிறது. அதற்கு ஜாக்கி தேடிய தனகோட்டி, எங்களிடம் இரண்டு வருஷமாக வேலை செய்கிறவன், இந்த வண்டியடியில் பார்த்திருக்கிறான். செருப்பு இல்லை. போல்ட்டு இன்னும் கழற்றவில்லை என்று நினைத்து ஜாக்கியை இறக்கிவிட்டான்.

அலறல் கேட்டு ஓடிவந்தேன். வந்த வேகத்தில், பழக்கதோஷம், செருப்பை ஜாக்கியோரம் கழற்றிவிட்டுத்தான் அடியில் புகுந்தேன். அமீரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தால், கூட்டம் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

"கண்ணு முன்னால கெடக்குது, குருடனாடா நீ?" லேத்காரர் ரங்கநாதன் தனகோட்டியை அறைந்தார்.

"அப்ப இல்லண்ணா... சத்தியமா இல்லண்ணா" என்று என்னைப் பார்த்து அழுதான்.

நான் வாயைத் திறக்கவில்லை.

31-1

பாண்டி ஆஸ்பத்திரி. வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். அமீரின் மனைவி மெஹபூப் பீ என்னைக் கும்பிட்டாள். "நீங்க இல்லன்னா உசுரே போயிருக்கும்ணா." அப்படியே செத்துவிடலாம் போலிருந்தது.

4-2

எங்கள் ஷெட்டை விட்டுப் போன தனகோட்டியை வேறு எந்த ஷெட்டிலும் சேர்க்கவில்லை. வல்லத்தில் கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறானாம். நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

5-2

சொல்லவில்லை.

10-2

நைனார் வீட்டு ஊர்வலம் வேறு காரில் போனது. எங்கள் ஷெட்டில் அந்த வண்டி கல்மேலேயே நிற்கிறது. நான் என்ன மனுஷன்?

19-2, ஞாயிறு

அமீர் வீட்டுக்கு வந்துவிட்டான். கட்டுப்போட்ட கையைப் பார்க்காமல் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்" என்றான். "அடியில படுத்துகினு பாத்தேன். என் செருப்புல உன் காலு போவுது. ஒரு கொரல் குடுக்கலாம்னு நெனச்சேன். நீ ஒடனே வந்துடுவேன்னு உட்டுட்டேன்."

"ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவங்கிட்டப் போயி சொல்லு."

20-2

வல்லம் போனேன். மண்டியில் பத்துப் பேர் எதிரில் சொன்னேன். தனகோட்டி மூட்டையை இறக்காமலே கேட்டான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. வேலைக்கு வாடா என்றேன்.

"ஒரு வார்த்த, அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லண்ணா" என்றான். லாரிப் பக்கம் போய்விட்டான்.

15-3

அமீர் இனி வரமாட்டான், சாவியை மெஹபூப் பீயிடம் கொடுத்து அனுப்பிவிட்டான். ரங்கநாதன் லேத்தை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார்.

நைனார் வண்டியை இன்றுதான் மறுபடி தொட்டேன். கல்லை ஆட்டிப் பார்த்தேன். ஸ்பிரிங்கைச் சங்கிலியால் சேஸிஸோடு இறுக்கிக் கட்டினேன். செருப்பைக் கழற்றி ஜாக்கியோரம் வைத்துவிட்டு அடியில் போனேன். அதைப் பார்க்க ஷெட்டில் யாரும் இல்லை.