ஸ்டக் ஆகாத லெப்டொப்

தோஹா

அன்பின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? வாப்பா மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா?

லெப்டொப் அடிக்கடி ஸ்டக் ஆவதால், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து நானே அடிமூடியைக் கழற்றிப் புதிய மெமரி போட்டேன். திரும்ப மூடிவிட்டு ஒன் பண்ணினால் திரை உயிரில்லாமல் கறுப்பாகவே கிடந்தது. என் அறையில் இருக்கும் அக்கரைப்பற்றுத் தம்பி றுமைஸ் எட்டிப் பார்த்தான்.

“மௌத்தாப் பெய்த்தா காக்கா? பிஸ்மி சொல்லாமத்தான் தொறந்திருப்பீங்க.”

பிஸ்மி சொல்லித் திரும்பக் கழற்றி, டக்கென்று சத்தம் வரும்வரை மெமரியை அழுத்தினேன். வேலை செய்தது. முதலில் சரியாக அழுத்தாததுதான் பிழை. அவனோ பிஸ்மியை மறந்த கதையை எல்லோரிடமும் சொல்லித் திரிகிறான்.

இக்கடிதத்தோடு கல்முனைக்கு வரும் ஸப்ரி திரும்பும்போது கொஞ்சம் கறித்தூள் கொடுத்தனுப்புங்கள்.

இன்னொன்று. முன்பு நாம் வீடியோவில் கதைத்து முடிந்த பிறகும் லெப்டொப் ஸ்டக் ஆகி, உங்கள் முகம் திரையில் அப்படியே நிற்கும். நான் சோறு தின்று முடியும்வரைகூட நின்றிருக்கிறது. இப்போது நீங்கள் வைத்தவுடன் போய்விடுகிறது. அதனால் ஸலாம் சொன்னதும் போனை வைக்காதீர்கள். குசினியில் அடுப்புப் பக்கமாகச் சாய்த்து வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நான் ஒன்றும் கதைக்கமாட்டேன்.

ஸப்ரியின் வாகனம் கீழே ஹோன் அடிக்கிறது.

மகன்
முனாப்