கலங்கிய பை

ஜூலை 8, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். மேற்குக் காற்று. சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகமூடி கட்டி, ஐந்தேகாலுக்கு முதல் பை. உள்ளே 2000 மி.லி. வெளியே 2150. எடை 51.4. பிரஷர் 150/90. கால் வீக்கம் குறைவு.

வயிற்றில் குழாய் வைத்து இன்றோடு மூன்று மாதம். சிறுநீரகம் இரண்டும் செய்யாத வேலையை இப்போது வயிற்றின் உள்சவ்வு செய்கிறது. சர்க்கரை கலந்த திரவம் உள்ளே போய் நான்கைந்து மணி நேரம் தங்கும். இரத்தத்திலுள்ள கழிவு பரவலில் வரும், மிகுந்த நீர் சவ்வூடு பரவலில் வரும். வடித்துவிட்டு அடுத்த பை. ஒரு நாளைக்கு நான்கு. பதினொன்றாம் வகுப்புக்கு இருபது வருடமாக நடத்தும் பாடம். நர்ஸ் விளக்கியபோது தெரியாதவள் போலக் கேட்டுக்கொண்டேன்.

மதியப் பை பள்ளியில். லேப் பக்கத்து ஸ்பெசிமன் அறை. யாருக்கும் சொல்லவில்லை. இன்று ஆசிரியர் அறைக்கு வெளியே காதில் விழுந்தது: "தனிக்கட்டை தானுங்க, அப்படியென்ன அலுப்பு? தெனமும் அந்த ரூமுக்குள்ள போய்த் தூங்கறாங்க." தூங்குவதாகவே இருக்கட்டும்.

கோபியிலிருந்து தம்பி போன். "அக்கா, நல்லாருக்கீங்களா? சாப்டாச்சா?" ஆச்சு. இரண்டு நிமிடம்.

ஜூலை 9, செவ்வாய்

வாங்க: ஸ்பிரிட், டேப், பூண்டு, குடைக்குக் கம்பி.

உக்கடத்தில் ஏறியதும் பொள்ளாச்சி பஸ்ஸில் உட்கார இடம். பள்ளி இருக்கும் கிணத்துக்கடவு வரை சன்னலோரம்.

செய்முறை வகுப்பு. ரோயோ இலையின் ஊதாத் தோலை உரித்து உப்புக் கரைசல் விட்டோம். நீர் வெளியேறி, ஊதா நிறம் செல்சுவரை விட்டுச் சுருங்கியதைப் பார்த்துப் பிள்ளைகள் கூச்சல். "டீச்சர், செத்துப்போச்சுங்களா?" இல்லை, நல்ல தண்ணீர் விட்டால் திரும்பும் என்றேன். ரொம்ப நேரம் உப்பிலேயே விட்டால் திரும்பாது.

மதியம் தப்பு நடந்துவிட்டது. பழையதை வடித்து முடித்து, புதுப் பையை இணைக்கக் குழாயின் மூடியைத் திறந்த நேரம். கதவுக்கு வெளியே மயில்சாமி, லேப் உதவியாளர். "டீச்சருங்க, உள்ள இருக்கறீங்களா? கவர்சிலிப் தீந்துபோச்சுங்க." நான் பேசவில்லை. தாழ்ப்பாள் சரியாக விழாமல் இருந்திருக்கிறது. தட்டியதில் கதவு திறந்து, காற்றும் அவரும். அவர் பையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "வெளிய போங்க!" என்று கத்தினேன். கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

பதற்றத்தில் குழாய் நுனி சேலையில் பட்டது. பட்டால் இணைக்கக் கூடாது, கிளாம்ப் போட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். பயிற்சியில் பத்துத் தடவை சொன்னது. ஆறாவது பீரியட் எனக்கு வகுப்பு. பாதியில் கிளம்பினால் ஏன் என்று கேட்பார்கள். இணைத்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

மயில்சாமியைப் பார்க்காமலே நாளைக் கடத்தினேன். அவரும் பேச்சுக் கொடுக்கவில்லை. யாரிடமும் சொன்ன மாதிரித் தெரியவில்லை. நான்கு பையும் தெளிவு. தப்பித்தேன் என்று நினைப்பு.

ஜூலை 11, வியாழன்

வயிற்றுவலியோடு விழிப்பு. குளிர். வடித்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்த்தேன். தினமும் எழுத்து தெரியும். இன்று அரிசி கழுவிய தண்ணீர்.

தம்பிக்கு அடித்தேன். "லோடு ஏத்தீட்டிருக்கறேன்க்கா. சாயங்காலமா வந்துபோடறேன். அதுக்குள்ள ஆட்டோ கீட்டோ கெடைக்குமல்ல?" கிடைக்கும் என்றேன்.

எழுந்து நிற்க முடியவில்லை. போனில் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கேஸ்காரர். தலைமையாசிரியை. பால். வீட்டுக்காரர், அவர் ஊரில் இல்லை. கூட்டாளி என்று ஒரு பெயர் இல்லை. மயில்சாமி, லேப் சாமான் வாங்க எப்போதோ பதிந்தது. அழைத்தேன். "வாரேனுங்க" என்று மட்டும் சொன்னார். கிணத்துக்கடவிலிருந்து உக்கடம், முக்கால் மணி நேரத்தில் வாசலில் பைக். கலங்கிய பையை ஒரு துணிப்பையில் போட்டு அவரே எடுத்துக்கொண்டார். தெருமுனையிலிருந்து ஆட்டோவும் பிடித்து வந்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள், "கூட யாருங்க?"

"நானுங்க."

"நீங்க அம்மாவுக்கு என்ன வேணும்?"

"ஒரே ஸ்கூலுங்க."

நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

ஜூலை 12, வெள்ளி

சவ்வில் தொற்று. மருந்தைப் பையிலேயே கலந்து வயிற்றுக்குள் விடுகிறார்கள். டாக்டர்: "அஞ்சு நாள் பாக்கலாங்க. தெளியலீன்னா குழாயை எடுத்துப்போடணும். தழும்பாயிட்டா சவ்வு அப்புறம் வேலை செய்யாது." குழாய் போனால் வாரம் மூன்று நாள் இங்கே வந்து டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டும். பள்ளி அதோடு சரி.

கரும்பலகையில் செல்சவ்வை எத்தனை தடவை வரைந்திருப்பேன். இரண்டு வரிசை வட்டம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வால். ஒரு சவ்வுக்கு வலிக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

தம்பி நேற்று வரவில்லை, இன்று மனைவியோடு வந்தான். ஆரஞ்சு கொண்டுவந்தார்கள், நான் சாப்பிடக் கூடாது. ஒரு மணி நேரம். "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா."

பக்கத்துக் கட்டிலில் ஏழு பேர் சுற்றி நின்று பேசுகிறார்கள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

காய்ச்சல் இல்லை. பை இன்னும் மங்கல்.

மயில்சாமி வந்தார். அவித்த முட்டை, வெள்ளைக்கரு மட்டும். நர்ஸிடம் கேட்டு வைத்திருந்திருக்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் கதவைத் தட்டுனேனுங்களே. அதனாலதான் இப்படி ஆச்சுங்களா டீச்சர்?"

தூக்கம் வருவது போல் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுச் செருப்புச் சத்தம் கேட்காமல் போனார்.

இல்லை என்று ஒரு சொல். அதைக்கூட வெளியே விடவில்லை. என்ன மனுஷி நான்.

ஜூலை 16, செவ்வாய்

காலைப் பை தெளிவு. செய்தித்தாளில் பொடி எழுத்துகூடத் தெரிந்தது. நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். டாக்டர்: குழாய் இருக்கட்டும். மருந்து இன்னும் இரண்டு வாரம், வீட்டிலிருந்தே.

முதல் வேலையாக மயில்சாமிக்குப் போன். நுனி சேலையில் பட்டதும், தெரிந்தே இணைத்ததும், மறைக்கத்தான் அப்படிச் செய்தேன் என்பதும், எல்லாம் சொன்னேன். அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டதையும்.

போனை வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன்.

"ரெண்டு நாளா சோறு எறங்குலீங்க," என்றார். பிறகு, "செரிங்க டீச்சர். ஒடம்பைப் பாத்துக்குங்க."

திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 22, திங்கள்

வெயில். எடை 50.2. உள்ளே 2000, வெளியே 2200.

தலைமையாசிரியையிடம் எல்லாம் சொன்னேன். அவர் கண் கலங்கினார், பிறகு விடுப்பு விதிகளைப் பற்றிப் பேசினார். மதியம் ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. எதிர்பார்த்ததுதான்.

மயில்சாமி வணக்கம் வைத்தார். முன்பு போல இல்லை, கொஞ்சம் விலகி. அதுவும் சரிதான்.

நான்காவது பீரியட். சவ்வூடு பரவலை முடிக்க வேண்டியிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னேன்: பத்து நாளாக ஏன் வரவில்லை, என் வயிற்றில் என்ன நடக்கிறது, எந்தக் கரைசல், எந்தப் பக்கம் செறிவு அதிகம், நீர் எங்கிருந்து எங்கே. பலகையில் படம் போட்டுக் காட்டினேன்.

சன்னலோரப் பவித்ரா எழுந்தாள். வருடம் தொடங்கி வாயே திறக்காத பெண்.

"டீச்சர், அது வலிக்குங்களா?"

மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரியில் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். எடை, பிரஷர், எத்தனை மி.லி. இதை யாரும் கேட்கவில்லை. டஸ்டரை எடுத்து வைத்துவிட்டுப் பதில் சொன்னேன்.

உள்ளே போகும்போது இல்லை, கண்ணு. வெளியே வரும்போது, கடைசிச் சொட்டில், கொஞ்சம்.