எந்த மாதம் என்று கேட்டாள்

2024 ஜூலை 9

திராட்சை பறிப்பு. எட்டுப் பேர் வேண்டிய இடத்தில் மூன்று பேர். மற்ற பெண்கள் ஓடைக்கரையில் நூறு நாள் வேலையில். மாலையில் வந்த சாலமன் செருப்பைக் கழற்றுமுன்பே ஆரம்பித்துவிட்டார். "அரசாங்கமே உக்கார வச்சுச் சோறு போட்டா, எவ பந்தலுக்கடியில அண்ணாந்து நிப்பா?"

கோபத்தில் சொல்லவில்லை. என் கணவர் இதை நம்புகிறார்.

ஜூலை 14

பூசை முடிந்ததும் தோட்டக்காரர்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டுமாம். எழுதுவது நான்; எம்.ஏ. படித்தவள் என்பதால். பக்கத்துத் தோட்டத்துப் பலவேசம் அண்ணன் சொன்னார்: "நல்ல வார்த்தையாப் போட்டு எழுதும்மா. நாங்க எழுதுனா வையிற மாதிரி இருக்கும்."

ஜூலை 15

எழுதிவிட்டேன். 'உழைப்பின் மாண்பு', 'தலைமுறைகளாக வந்த ஊர் ஒழுங்கு.' கேட்டிருப்பது கொஞ்சம்தான்: கொடியைக் கவாத்து வெட்டும், பழம் பறிக்கும் மாதங்களில் மட்டும் நூறு நாள் வேலையை நிறுத்த வேண்டும். படிக்க நன்றாக இருக்கிறது.

ஜூலை 16

'எங்களுக்கு ஆள் வேண்டும்' என்ற வாக்கியம் அதில் எங்குமே இல்லை.

ஜூலை 23

வியாகுலமேரி பழம் பறிக்க வந்தாள். இருபது வருடமாக வருகிறவள். கணவன் பக்கவாதத்தில் படுத்து மூன்று வருடமாகிறது. நூறு நாள் வேலை என்றால், வீட்டுக்கு ஓடிப்போய் அவனைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வரலாம். எங்கள் தோட்டத்தில் முடியாது, லாரி வந்து நிற்கும்.

"அங்கன உக்காந்துதான இருக்கீகன்னு நம்ம சாலமன் அண்ணன் சொன்னாகளாமே?" என்று சிரித்தாள். "அங்கன உக்காந்தா சோம்பேறி, இங்கன உக்காந்தா இடுப்பு வலியா? எனக்கு என்ன ரெண்டு இடுப்பாக்கா இருக்கு?"

நானும் சிரித்தேன். தீர்மானத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜூலை 28

சாலமனைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வியாகுலமேரியின் கணவன் விழுந்த அன்று தேனி ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டிப்போனது இவர்தான். ஒருமுறைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. "மனுசன் மனுசனுக்குச் செய்யணும். அரசாங்கம் செஞ்சா அதுல ஈரம் எங்க இருக்கு?" என்பார். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

நம் மோட்டாருக்கு இலவச மின்சாரம், சொட்டுநீருக்கு மானியம்— அதில் ஈரம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அது விவசாயத்துக்கு."

"இது?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.

பழைய ஒழுங்கு காக்கப்பட வேண்டும் என்று அவர் சொல்வது வெறும் சுயநலமா? அப்படி முடித்துவிட்டால் எனக்கு எளிது. ஆனால் அவர் நம்புவது ஒவ்வொரு முறையும் எங்களுக்கு வசதியான பக்கமே வந்து நிற்கிறது. ஒரு தடவையாவது எதிர்ப்பக்கம் போயிருந்தால் அதைக் கொள்கை என்பேன். நான்? நான் நம்பக்கூட இல்லை. நம்பாமலேயே அழகாக எழுதிக்கொடுத்தேன்.

ஆகஸ்ட் 12

இங்கே எல்லாத் தோட்டமும் ஒரே நேரத்தில் வெட்டுவதில்லை. ஒருவர் கவாத்து வெட்டும்போது அடுத்தவர் பறிப்பார். அப்படியானால் வேலை இல்லாத மாதம் எது? விரல்விட்டு எண்ணினேன். மார்கழி மட்டும் சந்தேகம்.

தீர்மானத்தில் 'அந்த மாதங்களில் மட்டும்' என்று எழுதியிருக்கிறேனே. எழுதும்போது எனக்குத் தெரியாதா? தெரியும்.

ஆகஸ்ட் 15

வருகிறவர்களிடம் வாசலிலேயே நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தீர்மானம் பிறகுதான் வாசிப்பார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் நூறு நாள் பெண்கள். நான் வாசித்தேன். வியாகுலமேரி எழுந்தாள்.

"எல்லாம் சரிக்கா. எந்த மாசம் நாங்க போலாம்? அத மட்டும் சொல்லிரு."

யாரோ சிரித்தார்கள். தாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தலைவர் அடுத்ததுக்குப் போகச் சொன்னார். போய்விட்டோம். வாசலில் வாங்கிய கையெழுத்தை வைத்து நிறைவேறியது என்று எழுதிக்கொண்டார்கள்.

எழுதுனவளே, வாய் திறக்கலடி நீ. ஒரு வார்த்தை. ஏன்?

ஆகஸ்ட் 30

ஓடைக்கரை வேலை நின்றுவிட்டது. வியாகுலமேரி எங்கள் கவாத்துக்கு வரவில்லை; தன் வேலையை நிறுத்தியவர்கள் தோட்டத்துக்கு இனி வர மாட்டாளாம். விடியுமுன் ஜீப்பில் மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறாள். திரும்ப ஏழு மணி. பகல் முழுக்க அவள் கணவன் தனியே கிடக்கிறான். முதுகில் புண் வந்திருக்கிறது என்றார்கள்.

"எத்தன வருசப் பழக்கம். இப்பிடி விட்டுட்டுப் போயிட்டாளே" என்றார் சாலமன். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

செப்டம்பர் 29

அடுத்த கிராம சபைக்கு நானே ஒரு மனு எழுதினேன். ஒரு பக்கம். மாண்பு, ஒழுங்கு எதுவும் கிடையாது. பன்னிரண்டு மாதம், எதிரே அந்தந்த மாதம் வேலை நடக்கும் தோட்டங்களின் பெயர். கீழே: 'எந்த மாதமும் காலியாக இல்லை. ஆகவே முன் தீர்மானத்தை நீக்க வேண்டும். அதை எழுதியவள் நான்.' மார்கழிக்கு எதிரே மட்டும், எந்தத் தோட்டம் என்று உறுதியாகத் தெரியாமல், இடம் விட்டிருந்தேன்.

சாப்பாட்டு மேசையில் வைத்தேன். சாலமன் இரண்டு முறை படித்தார்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"கேக்கலையே."

கை கழுவிவிட்டு வந்து பேனாவைக் கேட்டார். மார்கழிக்கு எதிரே எழுதினார்: பலவேசம்— பறிப்பு.

"எழுதுனா தப்பில்லாம எழுது" என்றார்.

அக்டோபர் 2

வாசித்தேன். நீக்கினார்கள். பலவேசம் அண்ணன் என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

அக்டோபர் 10

ஓடைக்கரையில் வேலை தொடங்கிவிட்டது. வியாகுலமேரி அங்கே இருக்கிறாள். மதியம் வீட்டுக்குப் போய்வருகிறாளாம். எங்கள் தோட்டத்தில் கொடி கட்ட ஆள் இல்லை. நானும் சாலமனும் போனோம். அண்ணாந்து நின்றதில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அவர் அடிக்கடி வரப்பில் உட்கார்ந்தார். மாலைக்குள் மூன்று வரிசைதான் முடிந்தது.