மடி ஏந்தத் தெரிந்தவள்

ஏளா,

எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெட்டியை நேற்று என் மேசையில் வைத்துத்தான் பிரித்தார்கள். அட்டையின் மேல் ‘மடிக்கணினி’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம் கையில் அகப்படாத மடி ஒன்று, இத்தனை வருடம் கழித்து, பிளாஸ்டிக் வாசனையோடு என் வீட்டுக்கே வந்து நிற்கிறது! உடனே உனக்குச் சொல்ல வேண்டுமென்று போனை எடுத்து, உன் பெயரைத் தேடிய பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. போனைக் கீழே வைக்க மனம் வரவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லிக் குதிப்பேன்? அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நாம் இருவரும் தூத்துக்குடியில் ஒரே பள்ளியில் புது டீச்சர்கள். மில்லர்புரத்தில் ஒரே அறை, ஒரே ஸ்டவ். நான் ஆத்தூர்ப் பக்கத்து வயல்காட்டுக்காரி. நீ தெற்குக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர் மகள். எங்கள் பசுவுக்கு மடி வீங்கிப் பால் வரவில்லை என்று ஊரிலிருந்து தகவல் வந்து நான் கவலையில் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், நீ வெகு சாதாரணமாக, “எங்க அப்பாவுக்கும் மடி கிழிஞ்சி கெடக்குளா. கரையில உக்காந்து தச்சிக்கிட்டு இருக்காவ” என்றாய். வலையின் கடைசியில் மீன் வந்து சேரும் பைக்கு உங்கள் ஊரில் மடி என்று பேர் என்பதை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்று நம்மைப் பிடித்த பைத்தியம் லேசில் விடவில்லை. பிள்ளையைக் கிடத்துகிற மடி. ஆத்தூர்க்காரர்கள் இடுப்பில் வெற்றிலை செருகுகிற மடி. பூஜைக்கென்று யாரும் தொடாமல் உலர்த்திக் கட்டுகிற மடி. தமிழய்யாவைக் கேட்டால், பழைய தமிழில் சோம்பலுக்கும் அதுதான் பேர் என்றார். அப்படியானால் நம் அறை முழுக்க மடிதான் என்றாய் நீ. ஜவுளிக்கடை அண்ணாச்சியை நாம் குடைந்த குடைச்சலில் அவர், “தாயி, நீங்க துணி எடுக்க வந்தியளா, சொல்லு எடுக்க வந்தியளா?” என்று கேட்டார். கடைசியில் பள்ளிக் கண்காட்சிக்கு இந்த ஒரு சொல்லையே வைப்பதென்று தலைமையாசிரியையிடம் அனுமதியும் வாங்கிவிட்டோம்.

அந்த நேரம் பார்த்துத்தான் உன் அப்பா ஆள் அனுப்பினார். பம்பாயில் கப்பல் கம்பெனி மாப்பிள்ளை. பெண் வேலைக்குப் போவது அவனுக்குப் பிடிக்காதாம். கிறிஸ்துமஸோடு வேலையை விட்டுவிட வேண்டும். உன் அடிமடியிலேயே கை வைத்துவிட்டார் மனுஷர். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நீ அழவில்லை.

“நான் பாடம் நடத்தி எங்க அப்பா பாத்ததே இல்லளா. ஒரு தடவ பாத்தாவன்னா விடச் சொல்ல மாட்டாவ. கண்காட்சிக்கு வலையக் கேப்போம். மகளத் தனியா விட்டாலும் விடுவாவ, மடியத் தனியா விட மாட்டாவ. கூடயே வந்துருவாவ” என்றாய்.

சனிக்கிழமை விடியலில் உங்கள் கரையில் போய் நின்றோம். வள்ளத்தில் ஏற்றுவதற்காக வலையை மணலில் குவித்திருந்தார்கள். எத்தனை நாள் ஆசை! மடி எந்தப் பக்கம் என்று பார்க்கிற அவசரத்தில் நான் செருப்புக் காலோடு ஒரே தாண்டாகத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டேன். கரையில் நின்றவர்கள் கத்தினார்கள். வலையை யாரும் தாண்டக்கூடாது, அதுவும் ஒரு பெண், அதுவும் செருப்போடு. எங்கள் களத்தில் நெல்லைச் செருப்புக் காலால் மிதித்தால் என் அப்பா தோலை உரித்துவிடுவார். அது தெரிந்த எனக்கு இது தெரியாமல் போயிற்று.

“யாருளா இவ, தொழிலத் தாண்டுதா?” என்று உன் அப்பா உன்னிடம்தான் கேட்டார். “கண்காட்சியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். கிறிஸ்துமஸ் வரைக்கும் என்னத்துக்கு? நீ இண்ணைக்கே பெட்டியக் கெட்டு.”

வள்ளம் போய் வலையை வளைத்து விட்டு வந்தது. நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே கயிற்றின் வாலைப் பிடித்தேன். உள்ளங்கை எரிந்தது. பக்கத்தில் நின்று இழுத்துக்கொண்டிருந்த நீ, “இழுளா, ஒம் பாவம் தீர இழு” என்று பல்லைக் கடித்தாய். வர வரக் கயிறு கனத்தது. பறவைகள் சுற்ற ஆரம்பித்தன. அலைக்குள்ளே வெள்ளையாக என்னவோ கொதித்தது. அத்தனையும் சாளை மீன்! உன் அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, புடைத்துக் கிடந்த மடியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, கரையைப் பார்த்துச் சொன்னார்: “ஏலே, அந்தச் செருப்புக்காரிக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்கல. நாளைக்கும் வந்து ஒரு தாண்டு தாண்டிட்டுப் போவச் சொல்லு.” கரையே சிரித்தது. பெட்டி கட்டுகிற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

நீ சொன்னபடியே, கண்காட்சியன்று மடியைத் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளைச் சட்டையில் வந்தார். வகுப்பு வாசலிலேயே எல்லோரையும் செருப்பைக் கழற்ற வைத்தார், தலைமையாசிரியை உட்பட. நீ ஒவ்வொரு மடியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போனாய். பின்பெஞ்சுப் பிள்ளைகள்கூட எழுந்து நின்று கேட்டார்கள். உன் அப்பா வலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒன்று வைத்திருந்தாய். அதை என்னிடம்கூட நீ சொல்லியிருக்கவில்லை. “இனி மடிப்பிச்சை. பெரிய காரியம் ஒன்று நடக்க வேண்டுமென்றால், வெட்கத்தை விட்டு முந்தானையை ஏந்திக் கேட்பது” என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு நடுவே நடந்துபோய் உன் அப்பா முன்னால் முந்தானையை விரித்து நின்றாய். “அப்பா, இந்த வேலைய எனக்குப் போடுங்க.”

பிள்ளைகள் அதையும் பாடம் என்றுதான் நினைத்தார்கள். உன் அப்பா தன் இடுப்பு மடியைத் துழாவி, நாலாக மடித்த ஒரு கவரை எடுத்து உன் முந்தானையில் போட்டார். “மாப்ள போட்டோ. அவனுக்கு என்ன பதில் எழுதணுமோ நீயே எழுதிரு. பிள்ளைய காத்துக்கிட்டு இருக்குவ பாரு, போய்ச் சொல்லிக் குடு.” நான் கை தட்டினேன். ஏனென்று தெரியாமலே வகுப்பு முழுக்கத் தட்டியது. ஓய்வு பெறுகிற நாள்வரை நீ பாடம் நடத்தினாய்.

அந்த வாரம் ஊருக்குப் போய், மேலே படிக்க வேண்டுமென்று என் அப்பா முன்னால் நானும் ஏந்தினேன், தெரியுமா? முதலில் சிரித்தார். பிறகு அனுப்பினார். அதற்கப்புறம் எனக்கு வேண்டியதை யாரிடமும் கேட்காமல் விட்டதில்லை. எல்லாம் உன்னிடம் கற்றதுதான்.

நீ ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்த அன்று, ஒரு ஜெபமும் தெரியாத நான் உங்கள் மாதா கோவிலுக்குப் போய், அத்தனை பேர் பார்க்க முந்தானையை ஏந்தினேன். “இவளை எனக்குப் போடு தாயே” என்றேன். போடவில்லை. கேட்டதற்கு எனக்கு வருத்தமில்லை. நடந்தது நடந்துவிட்டது, தேற்றிக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத்தான் ஏந்திய கையை இன்னும் இறக்கத் தெரியவில்லை, ஏளா.